வளைவும் வலுவும்: பெரிய, சிறிய மோட்டார்ச் சைக்கிள்களின் திரும்பு திறன் பற்றிய ஒரு நோக்கு

மோட்டார்ச் சைக்கிள்களிலே ஈடுபாடுடையோரிடம் இரு கருத்துகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. ஆயிரம் கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் அகன்ற ரயர்களும் உடைய பெரும் பந்தயப்பாங்கு வண்டி, நேர்வழியிற் போலவே வளைவிலும் சிறிய வண்டியை வென்றுவிடும் என்பது ஒன்று. பெரிய வண்டி நேர்வழிக்கு மட்டுமே உரியது, வளைவோ சிறிய வண்டியின் ஆட்சிப்புலம் என்பது மற்றையது. இரண்டும் அனுபவத்திற் பிறந்தவை. இரண்டிலும் உண்மையின் கூறு உண்டு. எனினும், வளைவை ஒரு தனிச் செயலாகக் கொண்டு “எது சிறந்தது?” என வினவுவதே இங்கு குழப்பத்துக்குக் காரணம் எனக் கொள்ளலாம். வேகத்தைத் தணித்தல், வண்டியைச் சாய்த்தல், சாய்ந்த நிலையிற் சுற்றுதல், நிமிர்ந்து வெளியேறுதல் என்னும் நான்கு செயல்களின் தொடரே வளைவு. இந்நான்கிலும் வண்டியின் பருமனும் வலுவும் ஒரே வகையிற் பயன் தருவதில்லை.

சாய்ந்த நிலையிற் சுற்றுதலை முதலில் நோக்குவோம். விதி மிகத் தெளிவாக இருப்பது அங்கேதான். சீரான வேகத்தில் வட்டப் பாதையிற் செல்லும் இருசில்லு வண்டி விழாதிருக்க வேண்டுமாயின், அதன் சாய்வுக் கோணத்தின் தான்சன், வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரையாலும் புவியீர்ப்பு ஆர்முடுகலாலும் வகுத்துப் பெறும் எண்ணுக்குச் சமனாதல் வேண்டும். இக்கோவையிலே திணிவுக்கு இடமில்லை. எஞ்சினின் வலுவுக்கும் இடமில்லை. 50 மீற்றர் ஆரையுள்ள வளைவொன்றில் மணிக்கு 72 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்திற் செல்லும் எவ்வண்டியும் ஏறத்தாழ 39 பாகை சாய்ந்தே ஆகவேண்டும். அது 125 கன சென்ரிமீற்றர் வண்டியாயினும் சரி, அதனைப்போற் பத்து மடங்கு கொள்ளளவுடையதாயினும் சரி. திணிவு கூடுமிடத்து மையநாட்ட விசையின் தேவையும் கூடும். ஆனால் நிலத்தின் செவ்வன் மறுதாக்கமும் அதனோடு உராய்வும் அதே விகிதத்திற் கூடுகின்றன. ஆதலால், பாரமான வண்டி வளைவில் வெளியே தள்ளப்படும் என்னும் பரவலான நம்பிக்கை சீரான சுற்றுதலைப் பொறுத்தவரை அடிப்படையற்றது. சுமை கூடக்கூட ரப்பரின் உராய்வுக் குணகம் சற்றே தாழ்வதுண்டு என்பது உண்மையே. எனினும் அது சிறு திருத்தம் மாத்திரமே.

மேற்கூறிய கணிப்பு, ரயரைத் தடிப்பற்ற ஒரு தட்டாகப் பாவித்துச் செய்யப்பட்டது. உண்மையான ரயருக்கு அகலம் உண்டு. வண்டி சாயும்போது நிலத்தைத் தொடும் இடம் ரயரின் நடுவிலிருந்து சாய்ந்த பக்கமாக நகர்கின்றது. அதனால் ஈர்ப்பு மையம் தேவையான அளவு உட்பக்கம் வருவதற்கு வண்டி இன்னும் சற்றுக் கூடுதலாகச் சாய வேண்டியுள்ளது. ஈர்ப்பு மையத்தின் உயரம் 60 சென்ரிமீற்றர் எனக் கொண்டு, முன்னர்க் கூறிய வளைவுக்கே கணித்துப் பார்ப்போம். 150 மில்லிமீற்றர் அகலமுள்ள ரயருடன் சாய்வு 44 பாகைக்குச் சற்று மேலாகவும், 190 மில்லிமீற்றர் அகலமுள்ள ரயருடன் 46 பாகையாகவும் அமைகின்றது. முன்னையது கவசாக்கி நின்ஜா 400 போன்ற நடுத்தர வண்டியின் பின்சில்லு அளவு. பின்னையது சுசூக்கி ஹயபுசா போன்ற பெரும் வண்டியினது. ஒரே வளைவை ஒரே வேகத்திற் கடப்பதற்குப் பெரிய வண்டி ஒன்றரைப் பாகைக்கு மேல் அதிகமாகச் சாய்கின்றது. அகன்ற ரயர் வளைவுக்காகப் பொருத்தப்படுகின்றது எனப் பலர் நினைப்பர். உண்மையில் அது பெரும்பாலும் எஞ்சினுக்காகப் பொருத்தப்படுவது: பெரும் வலுவையும் அதனாற் பிறக்கும் வெப்பத்தையும் தாங்கிக்கொள்ள அவ்வகலம் வேண்டும். வளைவிலே அது செலுத்தும் வரி இந்த ஒன்றரைப் பாகை.

சாய்த்தல் என்னும் செயலிலேதான் பருமன் தன் முகத்தைத் தெளிவாகக் காட்டுகின்றது. ஓடும் வண்டியை இடப்பக்கம் சாய்க்க விரும்புபவர் கைப்பிடியை முதலில் ஒரு கணம் வலப்பக்கமாகத் திருப்புகின்றார். சில்லுகள் வலப்பக்கமாக விலக, உடல் இடப்பக்கமாகச் சரிகின்றது. பெரும்பாலானோர் இதனை அறியாமலே செய்கின்றனர். விமானத்தை ஆக்கிய சகோதரருள் ஒருவரான வில்பர் றைற், துவிச்சக்கர வண்டி ஓட்டுவோரிடம் இவ்வியல்பைக் கண்டு வியந்தார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. இச்சாய்தலை எதிர்ப்பவை இரண்டு. ஒன்று, வண்டியின் சடத்துவத் திருப்பம். மற்றையது, சுழலும் சில்லுகளும் எஞ்சினின் சுழல்தண்டும் தத்தம் அச்சின் திசையை விடாது பற்றிக்கொள்ளும் இயல்பு. இது சுழற்சி வேகத்துடன் வளர்வது. 264 கிலோகிராம் நிறையுள்ள ஹயபுசாவையும் 168 கிலோகிராம் நிறையுள்ள நின்ஜா 400ஐயும் இடமும் வலமுமாக மாறிமாறி வரும் தொடர் வளைவிற் செலுத்துபவர் இவ்வேறுபாட்டைத் தம் தோள்களிலேயே உணர்வர். இன்றைய உலகப் பந்தய வண்டிகளில் எஞ்சினின் சுழல்தண்டைச் சில்லுகளுக்கு எதிர்த்திசையிற் சுழலவிடுவதும் இவ்வெதிர்ப்பைத் தணிக்கும் உபாயங்களுள் ஒன்றாகும்.

இனி வெளியேறுதலுக்கு வருவோம். ரயர் நிலத்தைப் பற்றும் ஆற்றல் ஒரு வரையறைக்குட்பட்ட முதல் போன்றது. பக்கவாட்டில் அதனைச் செலவிட்டால் முன்னோக்கிச் செலவிடுவதற்கு எஞ்சுவது குறையும். எனினும் இது எளிய கழித்தலன்று. செங்கோண முக்கோணியின் பக்கங்கள் தொடர்புறுவது போன்றே இவை தொடர்புறுகின்றன. பற்றுதலில் 90 வீதத்தைத் திரும்புவதற்குச் செலவிட்டாலும் முன்தள்ளலுக்கு 44 வீதம் எஞ்சுகின்றது. 99 வீதத்தைச் செலவிட்டால் எஞ்சுவது 14 வீதம் மாத்திரமே. சிறிய வண்டியின் எஞ்சின் இந்த எச்சத்தைத் தாண்டுமளவு வலுவைத் தருவது அரிது. எனவே அதன் ஓட்டுநர் வண்டி சாய்ந்திருக்கும்போதே வலக்கைப் பிடியை முழுதாக முறுக்கலாம். பெரிய வண்டியின் ஓட்டுநருக்கு அச்சலுகை இல்லை. வண்டி நிமிரும் வரை அவர் காத்திருக்க வேண்டும். காத்திராவிடிற் பின்சில்லு வழுகும். 2015இல் வெளிவந்த யமஹா ஆர்-1 போன்ற வண்டிகளிற் சாய்வை அளந்து வலுவைத் தானே கட்டுப்படுத்தும் இலத்திரனியற் கருவிகள் இடம்பெற்றன. அவை ஓட்டுநரின் தவறைக் குறைப்பவையேயன்றிப் பற்றுதலைக் கூட்டுபவையல்ல.

இதிலிருந்து இருவகை ஓட்டுமுறைகள் கிளைக்கின்றன. சிறிய வண்டியின் ஓட்டுநர் தெருவின் முழு அகலத்தையும் பயன்படுத்தி, இயன்றவரை பெரிய ஆரையுள்ள வில்லொன்றை வரைந்து, வேகத்தை இழக்காது செல்கின்றார். இழந்த வேகத்தை மீட்டுத்தரும் எஞ்சின் அவரிடம் இல்லை. பெரிய வண்டியின் ஓட்டுநரோ நெடுநேரம் நேராகச் சென்று, பிறேக்கினால் வேகத்தை நன்கு தணித்து, ஓரிடத்திற் சட்டெனத் திரும்பி, விரைவில் நிமிர்ந்து வலுவைப் பிரயோகிக்கின்றார். வளைவின் நடுப்புள்ளியில் அளந்தாற் சிறிய வண்டியே பெரும்பாலும் வேகமானது. வளைவு முடிந்து நூறு மீற்றர் தள்ளி அளந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். தொடக்கத்திற் கூறிய இரு கருத்துகளும் எங்ஙனம் ஒருங்கே வாழ முடிந்தது என்பது இப்போது விளங்கும்.

பந்தய வரலாறு இதற்குப் போதிய சான்று தருகின்றது. 1983ஆம் ஆண்டின் 500 கன சென்ரிமீற்றர் உலகப் போட்டியிலே அமெரிக்கரான கெனி றொபேட்ஸ் நான்கு உருளைகளைக் கொண்ட வலுமிக்க யமஹா வண்டியைச் செலுத்தினார். அவருடைய நாட்டவரேயான பிரெடி ஸ்பென்சரின் ஹொண்டா மூன்று உருளைகளையே கொண்டது. வலுவிற் குறைந்ததாயினும் இலகுவானது, எளிதிற் திரும்புவது. பன்னிரு பந்தயங்களில் இருவரும் ஆறாறு வென்றனர். முடிவில் ஸ்பென்சர் 144 புள்ளிகளும் றொபேட்ஸ் 142 புள்ளிகளும் பெற, பட்டம் சிறிய எஞ்சினுக்குச் சென்றது. எனினும் இதனைக் கொண்டு சிறியதே சிறந்தது எனத் தீர்ப்பளித்தல் பொருந்தாது. அந்த இரு புள்ளி வேறுபாடு, இரு வழிகளும் ஏறத்தாழச் சமமான பயனைத் தந்தன என்பதையே உணர்த்துகின்றது.

2007இல் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. வேகம் அபாயகரமாக வளர்கின்றது எனக் கருதி, உலகப் பந்தயத்தின் தலையாய வகுப்பில் எஞ்சினின் கொள்ளளவு 990 கன சென்ரிமீற்றரிலிருந்து 800 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால் வளைவுகளில் வேகம் கூடியது. பல தடங்களிற் சுற்று நேரம் குறையவும் செய்தது. விதியை வகுத்தோர் நேர்வழியையே மனத்திற் கொண்டிருந்தனர் போலும். 2012இல் எல்லை 1000 கன சென்ரிமீற்றருக்கு உயர்த்தப்பட்டது.

பொதுத் தெருவை ஒத்த தடமொன்றில் வேறுபாடு எவ்வளவு என வினவுவோர்க்கு மான் தீவின் பந்தயம் விடை தரும். இருநூறுக்கு மேற்பட்ட வளைவுகளைக் கொண்ட அந்த 60.7 கிலோமீற்றர் மலைச்சுற்றை, 2023இல் பீற்றர் ஹிக்மன் ஆயிரம் கன சென்ரிமீற்றர் பீ.எம்.டபிள்யூ. வண்டியில் 16 நிமிடம் 36 செக்கனிற் கடந்தார். அதே ஆண்டில் மைக்கல் டன்லொப் 600 கன சென்ரிமீற்றர் யமஹாவில் அதனை 17 நிமிடம் 22 செக்கனுக்குச் சற்றுக் குறைந்த நேரத்திற் கடந்தார். கொள்ளளவு நாற்பது வீதம் குறைந்தபோது சராசரி வேகம் ஐந்து வீதம்கூடக் குறையவில்லை. அந்தச் சிறு வேறுபாட்டையும் பெரும்பாலும் நேர்வழிகளின் கணக்கிலேயே எழுதுதல் தகும்.

சிறிய வண்டி எனும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். நாளாந்தப் போக்குவரத்துக்கென மலிவாக ஆக்கப்படும் வண்டியின் ரயர் நெடுநாள் உழைப்பதற்காக இறுக்கமான ரப்பரால் ஆனது, அதிர்வுதாங்கிகள் எளியவை, சற்றுச் சாய்ந்தவுடன் கால்மிதி நிலத்தில் உராயும். அதனோடு ஒப்பிட்டால் பெரிய பந்தயப்பாங்கு வண்டி வளைவிலும் மேம்பட்டதே. ஆயின் அம்மேம்பாடு எஞ்சினுடையதன்று. நல்ல ரயரும் நல்ல அதிர்வுதாங்கியும் தருவது.

வேகம் தணித்தலை இறுதியில் வைத்தமைக்குக் காரணம் உண்டு; உயிர்கள் இழக்கப்படுவது பெரும்பாலும் அங்கேதான். மணிக்கு 80 கிலோமீற்றருக்குரிய வளைவொன்றைச் சிறிய வண்டி 160 கிலோமீற்றரிலும் பெரிய வண்டி 220 கிலோமீற்றரிலும் அணுகுகின்றன எனக் கொள்வோம். இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாதலால், ஒரே அமர்முடுகலுடன் பெரிய வண்டி வேகம் தணிக்க வேண்டிய தூரம் 2.2 மடங்காகும். வளைவு இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் பெரிய வண்டிக்கு அது இரு மடங்குக்கு மேற்பட்ட தூரத்திற்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது. வேகத்தை உணரவிடாத அமைதியான எஞ்சினும் உறுதியான சட்டகமும் இக்கணிப்பை மேலும் மறைக்கின்றன.

தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேர்ட் என்பாரின் குழு, லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நிகழ்ந்த ஏறக்குறைய 900 மோட்டார்ச் சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்திலேயே ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. வேறு வாகனம் சம்பந்தப்படாத விபத்துகளில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கு ஓட்டுநரின் தவறால் நேர்ந்தவை. அளவுக்கு மீறிப் பிறேக்கை அழுத்தி வழுகி வீழ்தல், மிகை வேகத்தினாலோ போதிய அளவு திரும்பாமையாலோ வளைவிலிருந்து வெளியே செல்லுதல் என்பன அத்தவறுகளுள் முதன்மையானவை. போதிய அளவு திரும்பாமை என்னும் சொற்றொடர் ஆழ்ந்து நோக்கற்பாலது. வண்டியின் ஆற்றலுக்குள் அடங்கும் சாய்வையே ஓட்டுநர் அஞ்சித் தவிர்த்துவிடுகின்றார் என்பதே அதன் பொருள். பெரிய கொள்ளளவுடைய வண்டிகள் விபத்துகளில் விகிதாசாரத்திலும் குறைவாகவே காணப்பட்டன என்றும், காணப்பட்ட இடத்துக் காயம் கடுமையாக இருந்தது என்றும் அதே அறிக்கை கூறுகின்றது. முதிர்ந்த ஓட்டுநர்களே அவற்றை அதிகமாகச் செலுத்தியமை முதற்கூற்றுக்கு ஒரு காரணமாகலாம்.

2013 தைமாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையிலுள்ள அனுமதிப்பத்திர முறை இந்நோக்கிற் பார்க்கத்தக்கது. முதற்படியில் 125 கன சென்ரிமீற்றரும் 11 கிலோவாற்றும் எல்லைகள். இரண்டாம் படியில் 35 கிலோவாற்றும், நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 0.2 கிலோவாற்றும் எல்லைகள். இரண்டாம் படியில் ஈராண்டு பழகியவரோ, 24 வயது நிரம்பியவரோதான் எல்லையற்ற வண்டிக்குத் தேர்வெழுதலாம். முன்னர்க் குறிப்பிட்ட 2015ஆம் ஆண்டின் ஆர்-1இல் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 0.7 கிலோவாற் உண்டு. சாய்வுக்கோ ரயரின் அகலத்துக்கோ அச்சட்டம் எல்லை விதிக்கவில்லை. வளைவை வந்தடையும் வேகத்தைத் தீர்மானிக்கும் அந்த ஒரு விகிதத்துக்கே எல்லை விதிக்கின்றது.