ஈட்டி மரமும் கடைவாய்ப் பல்லும்

பல் உடைந்தது பொரி உருண்டையில். பழி உருண்டைக்குப் போனாலும் குற்றவாளி வேறு. இருபது வருடமாகக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் குடியிருந்த வெள்ளி அடைப்பு அது. அந்தக் கலவை பல்லோடு ஒட்டாது, குழிக்குள் சும்மா இறுகி நிற்கும். ஒவ்வொரு கடிக்கும் சுற்றுச் சுவரை நெம்பிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒருநாள் ஒரு மூலை பெயர்ந்து விழுந்தது.

முதலில் பார்த்த மருத்துவர் யோசிக்கவே இல்லை. "ரூட் கெனால் பண்ணி கேப் போட்டுடலாம் சார்." கூச்சமில்லை, வலியில்லை, நரம்பு உயிரோடு இருக்கிறது. அதை எதற்காகக் கொல்ல வேண்டும்? கேட்டதற்கு, "அதுதான் சேஃப்" என்று பதில் வந்தது.

அந்த வாரம் மைசூருவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் குடும்பத்துக்குப் பழக்கமான பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆன்லே போதும். அரண்மனைக் கதவைப் பார்த்திருக்கீங்களா? அந்த வேலைதான்" என்றார்.

பார்த்திருக்கிறேன். மைசூரு அரண்மனையின் அம்பா விலாச மண்டபத்தில் பிள்ளையார் சந்நிதிக்குத் திறக்கும் ஈட்டி மரக் கதவில் யானைத் தந்தம் பதித்திருப்பார்கள். மரத்தைக் குடைந்து, அந்தக் குழிக்கு அளவான துண்டைத் தனியே அறுத்து, பொருத்தி ஒட்டுகிற வேலை. இன்று தந்தம் கிடையாது; மைசூருவின் மண்டி மொகல்லா பட்டறைகளில் பலா மரத்தின் மஞ்சளும் வேறு மரங்களின் நிறங்களும்தான் சித்திரமாகின்றன. துண்டை வைத்துத் தேய்த்தபின் சேர்மானத்தின் மேல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தட்டினால் வேலை தேறவில்லை.

பல் அடைப்பது சுவரில் ஓட்டைக்குச் சிமென்ட் பூசுவது போல. இன்லேயும் ஆன்லேயும் அப்படியல்ல. துண்டை வாய்க்கு வெளியே செய்து கொண்டுவந்து பதிக்கிறார்கள். கடைவாய்ப் பல்லின் மேடுகளுக்கு நடுவே அடங்கிவிட்டால் இன்லே. மேடு ஒன்றோ பலவோ உடைந்தோ, மெலிந்தோ போய் அதையும் மூட வேண்டியிருந்தால் ஆன்லே. கேப் என்றால் பல்லைச் சுற்றிலும் ராவி எடுத்தாக வேண்டும். கடைவாய்ப் பல்லில் அப்படிப் போவது தலைப்பகுதியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் என்று 2002-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. உடைந்தது ஒரு மூலை. கேப்புக்காக இடிப்பது பாதி வீட்டுக்கும் மேல்.

பல் நிறத்தில் பசையை வைத்து நீல ஒளி காட்டி இறுக்கும் அடைப்பு போதாதா என்று கேட்கலாம். சின்னக் குழிக்குத் தாராளமாகப் போதும். ஆனால் இறுகும்போது அந்தப் பசை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். பெரிய குழியென்றால் அந்தச் சுருக்கம் சுவர்களை உள்ளே இழுக்கும், ஓரத்தில் இடுக்கு விழும், இடுக்கில் மறுபடி சொத்தை. பதிக்கிற துண்டு வெளியிலேயே உருவாகிவிடுவதால், வாய்க்குள் சுருங்குவது ஒட்டுப் பசையின் மெல்லிய படலம் மட்டும்தான்.

இப்படி வெளியே செய்து பதிக்கும் தொழில்நுட்பம் புதிதல்ல. மைசூருவின் பழைய அரண்மனை எரிந்தது 1897-ல். ஹென்றி இர்வின் வரைந்த புது அரண்மனை 1912-ல்தான் முடிந்தது. அது எழுந்துகொண்டிருந்த 1907-ல், சிகாகோவின் வில்லியம் டாகர்ட் என்ற பல் மருத்துவர், மெழுகில் அச்செடுத்து, மெழுகை உருக்கி ஓட்டிவிட்டு, அந்த இடத்தில் தங்கத்தை வார்க்கும் முறையை மருத்துவர் கூட்டத்தில் விளக்கினார். சுவாமிமலை ஸ்தபதி கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அவர் பரம்பரை காலங்காலமாகச் செய்வது அதைத்தான். தங்கம் எதிர்ப் பல்லைத் தேய்க்காது, பல பத்தாண்டுகள் உழைக்கும். வாய்க்குள் மஞ்சளாக மின்னுவதுதான் இப்போது யாருக்கும் பிடிப்பதில்லை. 1985-ல் சூரிச்சில் வெர்னர் மோர்மான் குழுவினர், கேமராவால் குழியை அளந்து பீங்கான் கட்டியை இயந்திரம் கடைந்து தரும் முறையில் முதல் இன்லேயை ஒருவருக்குப் பதித்தார்கள்.

இவ்வளவு இருந்தும் பலர் இதைக் கேள்விப்படாததற்குக் காரணம் எளிது என்று நினைக்கிறேன். இயந்திரம் இல்லாத இடத்தில் இரண்டு தடவை நாற்காலி ஏற வேண்டும், லேப் கூலி உண்டு, துல்லியம் பிசகினால் துண்டு உட்காராது. கேப் பழகிய பாதை. மைசூருவில் ஜே.எஸ்.எஸ்., ஃபரூக்கியா என இரண்டு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இருக்கிற பல்லைக் காப்பாற்றுவதற்கென்றே இப்படிப்பட்ட கல்லூரிகளில் தனித் துறை உண்டு. அங்கே சிகிச்சை தரும் மாணவர் கை மெதுவாகத்தான் ஓடும். பையில் கனம் குறைந்தவர்களுக்கு அது நஷ்டமல்ல.

எல்லாப் பல்லுக்கும் இது ஆகாது. விரிசல் வேர் வரை இறங்கியிருந்தாலும், ஈறுக்குக் கீழே ஆழமாகச் சொத்தை போயிருந்தாலும் வேறு வழிதான். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குப் பீங்கான் வைக்க மருத்துவர் தயங்குவார்.

எனக்கு மைசூரு மருத்துவர் முதல் நாள் பழைய வெள்ளியை எடுத்து, குழியைச் செதுக்கி, அளவெடுத்து, தற்காலிக அடைப்பு வைத்து அனுப்பினார். ஒரு வாரம் கழித்து வந்தது துண்டு: சுண்டுவிரல் நகத்தில் பாதி, பால் வெள்ளை, அடியில் குழியின் மேடு பள்ளம் அத்தனையும். பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டி, எச்சில் படாமல் ஒட்டினார். பிறகு நீலத் தாளை வைத்து, "கச்சி... இன்னொம்மெ கச்சி" என்றார் கன்னடத்தில். கடித்தேன். நீலம் பதிந்த இரண்டு புள்ளிகளை லேசாகத் தேய்த்துவிட்டு, வளைந்த ஊசியைச் சேர்மானத்தின் மேல் இழுத்துப் பார்த்தார்.

தட்டவில்லை.