பாரிஸ் சிரித்தது, ஓவியம் நிலைத்தது

ஓர் ஓவியம் நல்லதா, மோசமா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் யார்? கலை கற்ற நடுவர்களா, பத்திரிகை விமர்சகர்களா, பார்க்க வரும் பொதுமக்களா? 1863-ம் ஆண்டு பாரிஸ் மாநகரில் இந்தக் கேள்வி பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. மூன்று தரப்பாரும் தவறிப்போனார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை!

பிரெஞ்சு அரசு நடத்திவந்த ஓவிய, சிற்பக் கண்காட்சிக்கு 'சலோன்' என்று பெயர். முற்காலத்தில் அது நடைபெற்ற லூவர் அரண்மனைக் கூடத்தின் பெயரே கண்காட்சிக்கும் நிலைத்துவிட்டது. நம் ஊர் முடிதிருத்தும் சலூனும், ரயில்வே உயர் அதிகாரிகளின் சலூன் பெட்டியும் இந்தச் சொல்லின் வழி வந்தவையே.

சலோனில் இடம் கிடைத்தால் ஓவியருக்குப் பெயரும் பிழைப்பும் உண்டு. தள்ளுபடியானால் அவர் படத்தை வாங்க ஆள் கிடைப்பது அரிது. நிராகரித்த ஓவியங்களின் பின்புறம் 'ஆர்' என்ற எழுத்தை முத்திரை குத்தி அனுப்புவதும் வழக்கமாக இருந்தது.

சக்கரவர்த்தியின் உத்தரவு

1863-ல் சுமார் 5,000 படைப்புகள் வந்து சேர்ந்தன. கலைக் கழக உறுப்பினர்களே மிகுதியாக இருந்த நடுவர் குழு, அவற்றில் பாதிக்கு மேல் தள்ளிவிட்டது. ஓவியர்கள் கொதித்தெழுந்தனர்.

புகார் மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியின் காதுக்கு எட்டியது. அவர் நேரில் வந்து பார்த்தார். தள்ளப்பட்டவற்றையும் அதே மாளிகையின் வேறொரு பகுதியில் வைக்கலாம், பொதுமக்களே பார்த்து முடிவு செய்யட்டும் என்று உத்தரவிட்டார்.

மே 15-ம் தேதி 'நிராகரிக்கப்பட்டோர் கண்காட்சி' தொடங்கியது. கேலிக்கு ஆளாவோம் என்று அஞ்சிய பலர் தங்கள் படங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். அவர்கள் பயந்ததுதான் நடந்தது. கூட்டம் கூட்டமாக வந்த மக்கள் விழுந்து விழுந்து சிரித்தனர். விமர்சகர்களில் பெரும்பாலோரும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டனர்.

எது ஆபாசம்?

எட்வர்ட் மானே என்ற ஓவியரே அதிக ஏச்சு வாங்கினார். சுமார் 7 அடி உயரமுள்ள அவருடைய ஓவியம் பிற்காலத்தில் 'புல்வெளியில் பகலுணவு' என்று புகழ்பெற்றது. கோட்டு அணிந்த இரு கனவான்கள் மரநிழலில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் ஆடையின்றி ஒரு பெண். அவள் பார்வையோ படம் பார்ப்பவரை நோக்கியே இருக்கிறது.

ஆபாசம் என்று கூக்குரல் எழுந்தது. ஆனால் அதே ஆண்டு சலோனில் கபனேல் என்பவர் தீட்டிய 'வீனசின் பிறப்பு' ஓவியத்திலும் ஆடையற்ற பெண்தான் இருந்தாள். அதைச் சக்கரவர்த்தியே விலை கொடுத்து வாங்கினார்! அவள் புராண தேவதை. மானே வரைந்தவளோ பாரிசில் அன்று நடமாடிய பெண். தேவதைக்குக் கிடைத்த மன்னிப்பு இவளுக்குக் கிடைக்கவில்லை. மானேயின் தூரிகை வீச்சும் அரைகுறை வேலை என்று பழிக்கப்பட்டது.

போன உயிர்

மறு ஆண்டிலிருந்து நடுவர்களில் பெரும்பகுதியினரை, பதக்கம் பெற்ற கலைஞர்களே தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. எனினும் தள்ளுபடி நிற்கவில்லை. 1866-ல் படம் நிராகரிக்கப்பட்ட ஹோல்ட்சாப்ஃபெல் என்ற ஓவியர் தற்கொலை செய்துகொண்டார். இளம் எழுத்தாளர் எமிலி ஸோலா நடுவர்களைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதினார். மானேயைப் புகழ்ந்தும் எழுதினார். வாசகர்களின் எதிர்ப்பு வலுக்கவே, அந்தக் கட்டுரைத் தொடர் பாதியில் நின்றது.

1874-ல் மோனே, பிஸ்ஸாரோ முதலியோர் அரசின் தயவை எதிர்பாராமல் சொந்தமாகக் கண்காட்சி நடத்தினர். 1881-ல் அரசும் சலோன் நடத்தும் பொறுப்பைக் கலைஞர் சங்கத்திடம் ஒப்படைத்து ஒதுங்கிக்கொண்டது. 1883-ல் மானே காலமானார்.

பாரிசில் 1900-ல் ரயில் நிலையமாகத் திறக்கப்பட்டு, 1986-ல் அருங்காட்சியகமாக மாறிய ஆர்சே கட்டடம் இருக்கிறது. சக்கரவர்த்தி வாங்கிய வீனசும், நடுவர்கள் தள்ளிய 'பகலுணவு'ம் இன்று அந்த ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. காலம் தீர்ப்பைத் திருத்திவிட்டது. அதுவரை காத்திருக்க ஹோல்ட்சாப்ஃபெல்லால்தான் முடியவில்லை.