பாலுக்கு உண்டு, பதநீருக்கு இல்லையா?

மாதவரம் என்றதும் நம் அங்கத்தினர்க்கு நினைவு வருவது பால். 1958-இல் மாநிலத்தில் பால்வளத் துறை தோன்றிற்று. 1963-இல் மாதவரம் பால் பண்ணை இயங்கத் தொடங்கிற்று. 1981-இல் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் பிறந்தது. இவ்வளவும் பலர் அறிந்த செய்தி. அதே மாதவரத்தில், குமரப்பாபுரம் என்னும் பகுதியில், கதர் கிராமத் தொழில்கள் ஆணையத்தின் மத்திய பனைவெல்ல, பனைப்பொருள் நிலையம் அமைந்தது என்பதை அறிந்தவர் சிலரே. பாலின் புகழ் பனையை மறைத்துவிட்டது போலும்.

பாலும் பதநீரும் ஏறக்குறைய ஒரே தன்மையன. இரண்டும் விடியற்காலைச் சரக்கு; இரண்டும் வெயில் ஏறினால் கெடும்; இரண்டையும் விற்று வயிறு வளர்ப்போர் சிறு குடும்பத்தினர். ஆனால் சங்கத்து வாயிலில் இரண்டுக்கும் நடக்கும் மரியாதை வேறு. பால் கொண்டுவரும் அம்மையாரின் குவளையிலிருந்து மாதிரி எடுத்து, கொழுப்பு எவ்வளவு, கொழுப்பல்லாத திடப்பொருள் எவ்வளவு என்று பார்த்து, அதற்கேற்ப விலை போடுகிறார்கள். நெசவாளர் சங்கத்திலும் நூலின் நம்பரையும் ஊடையின் நெருக்கத்தையும் பார்த்தே கூலி தீர்மானிக்கிறார்கள். நாம் தணிக்கைக்குச் சென்ற பதநீர்ச் சங்கங்களிலோ, அளவுப் பாத்திரம் ஒன்றே கருவி. நல்லதும் நடுத்தரமும் ஒரே பீப்பாயில் விழுகின்றன. பதிவேட்டில் பெயர், லிட்டர், தொகை, அவ்வளவுதான்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. கள் இறக்கிப் பிழைத்தவர்கள் ஒரே நாளில் தொழிலிழந்தனர். அவர்களுக்கு மாற்றுத் தொழிலாகப் பதநீரும் பனைவெல்லமும் காட்டப்பட்டன. பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊர்தோறும் எழுந்தன. பனைவெல்லத்தின் பொருளாதாரத்தைத் தம் வாழ்நாளெல்லாம் எடுத்துரைத்தவர் ஜே. சி. குமரப்பா (1892–1960). இலண்டனில் கணக்காய்வும் அமெரிக்காவில் பொருளாதாரமும் பயின்ற அவர் சொன்ன வாதம் எளியது: கரும்பு நல்ல நஞ்சையைப் பிடித்துக்கொள்கிறது, பனையோ வரப்பிலும் தரிசிலும் நிற்கிறது; இனிப்பைப் பனையில் எடுத்துக்கொண்டால் நஞ்சையை நெல்லுக்கு விடலாம். ஆகவே இச்சங்கங்கள் பிறந்தது மறுவாழ்வுக்காக. மறுவாழ்வு தருகிற இடத்தில் ‘உன் சரக்கு உயர்ந்ததா’ என்று எவரும் கேட்கமாட்டார்கள். அன்று அது நியாயம். இன்றும் அதே மனப்பான்மை நீடிப்பதைத்தான் நாம் குறை சொல்கிறோம்.

பதநீரில் தரம் என்று ஒன்று இருக்கிறதா என்று ஐயுறுவோர் பாளையையும் சுண்ணாம்பையும் அறியாதவர். பாளையைக் கடிப்பால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவி, அடியில் கலயத்தைக் கட்டுகிறார்கள். சொட்டும் சாற்றில் ஏறத்தாழ பத்து முதல் பன்னிரண்டு சதவிகிதம் சர்க்கரை. காற்றிலுள்ள நொதி அதனை விரும்பி வரும்; சில மணி நேரத்தில் புளிப்பும் நுரையும் ஏறிக் கள்ளாகிவிடும். அதனைத் தடுப்பது கலயத்தின் உட்புறம் பூசும் சுண்ணாம்பு. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் விற்பதற்குத் தடை இருக்கிறது. எனவே பனையேறிக்குச் சட்டத்துக்கும் குற்றத்துக்கும் இடையே நிற்பது ஒரு விரல் சுண்ணாம்புதான்.

குறைத்துப் பூசினால் சாறு புளிக்கும்; சங்கமும் ஏற்காது, காவலரும் கேள்வி கேட்பர். கூட்டிப் பூசினால் சாறு வெளுத்து, நாக்கில் காரம் தட்டும், ஆனால் கெடாது. விலை ஒன்றே என்கிறபோது அறிவுள்ள மனிதன் எதைச் செய்வான்? கூட்டியே பூசுவான். நகரத்தார் ‘பதநீர் முன்போல் இல்லை’ என்று சொல்வதற்குக் காரணம் பனையேறியின் சோம்பல் என்று நாம் கருதவில்லை. பயமும் ஒரே விலையும் சேர்ந்து செய்த வேலை அது.

சென்ற சித்திரையில் செங்குன்றத்துக்கு வடக்கே, தென்மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் வந்து மரங்களைக் குத்தகைக்கு எடுக்கும் ஒரு குடும்பத்தாரின் குடிசையில் இரவு உணவு கொள்ள நேர்ந்தது. பெரியவரும் மகனும் முப்பது மரங்களில் காலையும் மாலையும் ஏறுகிறார்கள். மாமியாரும் மருமகளும் அடுப்பைக் கவனிக்கிறார்கள். “ஐயா, எல்லாம் ஒண்ணுதான்னு சங்கத்துல சொல்றாங்க. நீங்களே குடிச்சுப் பாருங்க” என்று பெரியவர் நான்கு கலயங்களைத் தனித்தனியே எடுத்து வைத்தார். பச்சரிசிச் சோறு, காரப்பொடி மீன் குழம்பு, வறுத்த நெத்திலி. ஓலைப் பட்டையில் ஒவ்வொரு கலயமாக வார்த்தார்கள். இடையிடையே வெறுஞ்சோறு ஒரு பிடி வாயில் இட்டுக்கொள்ளச் சொன்னார் அம்மையார்.

முதற் கலயம் அலகுப் பனையுடையது. மென்மையான இனிப்பு, விழுங்கியபின் சுவை நீடிக்கவில்லை. இரண்டாவது பருவப் பனையுடையது. சற்றே கனம், ஓலை காய்ந்ததுபோன்ற ஒரு மணம். மூன்றாவது உப்பங்கழி ஓரத்து மரம். இனிப்புக்குப் பின்னால் ஒரு மெல்லிய உப்புச் சாயல் இருந்ததாக நமக்குத் தோன்றிற்று. மீன் குழம்போடு அதுவே நன்றாகச் சேர்ந்தது என்று எழுதினால் அலுவலகத்து நண்பர்கள் நகைப்பர், ஆயினும் உண்மை அதுவே. நான்காவதை அம்மையார் உதட்டில் வைத்த மாத்திரத்தில், “இது தம்பி பூசின கலயம்” என்றார். சுண்ணாம்பு நாக்கைப் பிடித்தது. மகன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அவர் பகல் நேரத்தில் மாதவரம் லாரி நிலையத்துக்குப் போய், எண்ணூர்த் துறைமுகத்துக்குச் செல்லும் வண்டிகளில் ஓட்டுநர் வேலை பழகி வருகிறாராம். அடுத்த பருவத்துக்கு வருவாரா என்று நாம் கேட்டதற்கு, தாயாரும் தந்தையாரும் மறுமொழி கூறவில்லை. அவர் மட்டும், “அப்பா பூசினாலும் நான் பூசினாலும் ஒரே காசுதானே, சார்” என்றார்.

இக்கேள்விக்கு வேறொரு நாட்டுக் குடியானவர்கள் விடை கண்டிருக்கிறார்கள். அவர்கள் விளைவிப்பது திராட்சை, செய்வது மது. நாம் தொடாத பொருள்தான். சரக்கை விட்டுவிட்டுச் சங்கத்தை மட்டும் பார்க்கலாம்.

இத்தாலி நாட்டின் வடமேற்கே, பியெமோந்தே மாநிலத்தில், தானரோ ஆற்றின் மேலே குன்றின்மீது பார்பரெஸ்கோ என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கு நெபியோலோ என்னும் கருந்திராட்சை விளைகிறது. சொந்தப் பெயரில் புட்டியிலடைத்து விற்கவல்ல குடும்பங்களும் அவ்வூரில் உண்டு. 1859 முதல் தொழில் நடத்தும் காயா குடும்பம் உலகப் புகழ் பெற்றது. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவனுக்கு அது இயலாது. அவன் பழத்தை வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளவேண்டியவன். 1894-இல் தொமிசியோ கவாசா என்னும் மதுக்கலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒன்பது தோட்டக்காரர்களைச் சேர்த்து ஒரு கூட்டுறவை அமைத்தார். பாசிச ஆட்சிக் காலத்தில் அது மூடப்பட்டது. பின்னர் 1958-இல் அவ்வூர்ப் பாதிரியார் பத்தொன்பது சிறு குடும்பங்களைக் கூட்டி மீண்டும் தொடங்கினார். கட்டடம் ஏது? முதல் மூன்று ஆண்டுகளின் மது மாதா கோயிலின் நிலவறையில்தான் தயாராயிற்று. அதன்பின் கோயிலுக்கு எதிரே சதுக்கத்தின் மறுபுறம் சொந்தக் கட்டடம் எழுப்பினர். இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் அங்கத்தினர்.

அச்சங்கத்தின் விதிகளில் இரண்டை நாம் உற்றுநோக்க வேண்டும். பழம் எடை போடப்படுவதோடு நிற்பதில்லை. அதன் சர்க்கரையும் பக்குவமும் பார்த்தே அங்கத்தினருக்குப் பணம். மற்றொன்று, நல்ல விளைச்சல் ஆண்டுகளில் அசிலி, ரபாயா, ஒவெல்லோ முதலிய ஒன்பது தோட்டங்களின் மதுவைத் தனித்தனியே புட்டியிலடைக்கிறார்கள். சீட்டில் தோட்டத்தின் பெயரோடு அதன் உடைமையாளர் பெயர்களையும் அச்சிடுகிறார்கள். விளைச்சல் சுமாரான ஆண்டில் தனிப்புட்டியே கிடையாது. எல்லாம் சேர்ந்து ஊர்ப் பெயரில் பொதுச் சரக்காகப் போகும். பெயர் போட வேண்டுமென்ற ஆசையால் மட்டமான சரக்கை உயர்த்திக் காட்டுவதில்லை. நம் சங்கங்களில் இப்படியொரு தீர்மானம் நிறைவேற எத்தனை கூட்டம் வேண்டுமோ என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு.

அதை இங்கு அப்படியே பெயர்க்க இயலாது. அவர்கள் சரக்கு ஆண்டுக்கணக்கில் மரப்பீப்பாயில் காத்திருக்கும்; நம் சரக்கு மறுநாள் காலை வரைகூடத் தாங்காது. ஆனால் தரம் பார்த்துப் பணம் கொடுப்பதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சாற்றின் சர்க்கரையைக் காட்டும் பிரிக்ஸ் மானி என்னும் கைக்கருவி சர்க்கரை ஆலைகளில் நாள்தோறும் பயன்படுகிறது. ஒரு சொட்டு விட்டுக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் போதும். சுண்ணாம்பின் அளவை அறிய நிறம் மாறும் தாள் இருக்கிறது. பத்து பாகை காட்டும் நூறு லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் கிடைப்பது சுமார் பத்து கிலோ. பன்னிரண்டு காட்டினால் சுமார் பன்னிரண்டு கிலோ. விறகு ஏறக்குறைய ஒன்றே. இந்த இரண்டு கிலோ இன்று யார் கணக்கிலும் ஏறாமல் போகிறது. சிறந்த பனையேறிக்கு உரியது அது.

கருவி எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. சீனித் தண்ணீர் கலந்தால் பிரிக்ஸ் மானி அதையும் இனிப்பென்றே காட்டும். சாலையோரத்தில் அப்படி விற்போர் உண்டு. அங்கே நாக்குத்தான் வேண்டும். நாக்கு யாருடையது என்பது சங்கத்தில் சண்டைக்குரிய விஷயம். செயலாளருடையதாக இருக்கக் கூடாது. அவர் மைத்துனர் கலயம் எப்போதும் முதல் தரமாகிவிடும். அடுப்படியில் முப்பதாண்டு சாறு காய்ச்சிய பெண்கள் இருவரை, யாருடைய கலயம் என்று தெரிவிக்காமல், முறைவைத்து அமர்த்தலாம். காய்ச்சும் பாகு எந்நேரம் பொங்கும், ஆமணக்கு விதைப்பொடி எப்போது தூவ வேண்டும் என்று அறிந்தவர்களுக்குச் சாற்றின் குற்றம் மறையாது. அவர்கள் பெரும்பாலும் சங்கத்தில் அங்கத்தினராகக்கூட இல்லை என்பது தணிக்கையில் நாம் கண்ட வேறொரு குறை. பங்குத்தொகை ஆண்மகன் பெயரிலேயே நிற்கிறது.

பெயர் போடுவது அதற்கு அடுத்த படி. 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்கும் வீரவநல்லூர்ச் செடிபுட்டாச் சேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்கு விலை உண்டு என்பது நம் விவசாயிக்கும் நெசவாளிக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் உள்ளே தரம் பிரிக்காமல் வெளியே பெயர் ஒட்டினால், ஒரு மட்டமான புட்டி ஊர் முழுவதையும் கெடுக்கும்.

பதநீர்ப் பருவம் தை மாதத்தில் தொடங்கும். அதற்கு முன் ஒரே ஒரு கொள்முதல் நிலையத்தில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். முதல் தரம், பொதுத் தரம் என்று இரண்டு பிரிவு போதும். புளிப்புத் தட்டியதை வாங்கவே கூடாது. சுண்ணாம்பு மிஞ்சியதைக் காய்ச்சுவதற்கு அனுப்பலாம். விலையைப் பிரித்து வைப்பதற்கு நிர்வாகக் குழுவின் தீர்மானமே போதுமென்பது நம் கருத்து. பதிவேட்டுக்கும் புதிதாக அச்சுச் செலவு வேண்டாம். தொகைக்கு வலப்புறம் ‘குறிப்பு’ என்று அச்சிட்ட பத்தி ஒன்று, நாம் பார்த்த எல்லாப் பதிவேடுகளிலும் வெறுமையாகவே இருக்கிறது.