சாண எரிவாயு: அடுப்புக்கு நெருப்பு, நிலத்துக்கு உரம்

மாடு வளர்க்கும் விவசாயி சமையலுக்குச் சிலிண்டரையே நம்பியிருக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் செலவாகும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அங்கே விலை ஏறினால் இங்கே அடுப்படியில் தெரிகிறது. பூமிக்கடியிலிருந்து எடுக்கும் அந்த எரிபொருள் எரிந்தால் தீர்ந்தது. அதன் கரியமில வாயுவும் காற்றில் சேர்ந்து வெப்பத்தைக் கூட்டுகிறது. சாணமோ நாள்தோறும் கிடைப்பது. அதிலுள்ள கரி, தீவனப் பயிர் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

எவ்வளவு சாணம் தேவை?

தொழுவத்தில் கட்டி வளர்க்கும் மாடு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். 25 கிலோ சாணத்திலிருந்து ஏறத்தாழ 1 கனமீட்டர் வாயு கிடைக்கும். மூன்று, நான்கு பேர் உள்ள குடும்பத்தின் சமையலுக்கு இது போதும். குறையின்றிக் கிடைத்தால், மாதம் ஒரு 14.2 கிலோ சிலிண்டருக்குச் சற்றுக் குறைவான எரிபொருளுக்கு இது சமம்.

மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் பாதி வெளியிலேயே போய்விடும். ஆகவே மாட்டை எண்ணாமல் சாணத்தை நிறுத்துப் பாருங்கள். ஒரு வாரம் தொடர்ந்து 25 கிலோ சேர்ந்தால் 1 கனமீட்டர் கலன் கட்டலாம். சேராவிட்டால் கட்ட வேண்டாம். தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டிவிட்டுச் சாணம் போதாமல் கைவிட்ட கலன்கள் பல. சாணத்துக்குச் சம அளவு தண்ணீரும் தினமும் வேண்டும்.

கழிவே உரம்

வறட்டியாக எரித்தால் சாணத்திலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். கலனில் வாயு மட்டும் பிரிகிறது. தழை, மணி, சாம்பல் சத்துகள் வெளிவரும் குழம்பில் தங்குகின்றன. களை விதைகளும் பெரும்பாலும் முளைப்புத் திறனை இழக்கின்றன. குழம்பை வாய்க்கால் நீரில் கலந்து விடலாம். இலை சருகுகளுடன் குழியில் சேர்த்து மக்க வைத்தும் இடலாம். உர மூட்டைச் செலவில் ஒரு பகுதி இதனால் குறையும்.

கவனிக்க வேண்டியவை

1984-ல் வந்த 'தீனபந்து' மாதிரியில் இரும்புத் தொப்பி இல்லை. துருப்பிடிக்கும் தொல்லையும் இல்லை. ஆனால் குவிமாடத்தில் விரிசல் விழாமல் கட்டப் பழகிய கொத்தனார் வேண்டும்.

வெயில் படும் இடத்தில், தொழுவத்துக்கும் அடுப்படிக்கும் அருகில் கலனை அமையுங்கள். குடிநீர்க் கிணற்றை விட்டுத் தள்ளியிருக்கட்டும்.

மண், மணல், சோப்புத் தண்ணீர், பினாயில் ஆகியவை கலனுக்குள் போகக் கூடாது.

முதலில் வரும் வாயுவில் காற்று கலந்திருக்கும். அதைப் பற்றவைக்காமல் வெளியேற்றிவிடுங்கள்.

குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். கசியும் வாயுவால் தீ விபத்து நேரலாம். காற்றிலும் அது கரியமில வாயுவை விட அதிகமாக வெப்பத்தைப் பிடிக்கும்.

எக்காரணம் கொண்டும் கலனுக்குள் இறங்கக் கூடாது. மூச்சுத் திணறி உயிர் போகும்.

மார்கழி, தைக் குளிரில் வாயு குறையும். அந்நாட்களுக்குச் சிலிண்டர் ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது.

மானியம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கட்டத் தொடங்கும் முன் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளவும்.