பேக்அப் இருக்கு... ஆனா புது சர்வர் ஏன் பூட் ஆகல?

ஆபீஸ் சர்வரின் மதர்போர்டு போய்விட்டது. பழைய மாடல், அதே மாடல் இப்போது விற்பனையில் இல்லை. 'டென்ஷன் வேண்டாம், முழு சிஸ்டத்துக்கும் பேக்அப் இருக்கு' என்று ஐடி டீம் வேறு சர்வரில் ரீஸ்டோர் செய்கிறது. 100 சதவீதம் முடிந்தது. ரீஸ்டார்ட் செய்தால்... நீலத் திரை! நாளை சம்பளம் போட வேண்டிய கணக்கு அதற்குள்தான் இருக்கிறது. பேக்அப்பில் தப்பில்லை. பிறகு எங்கே சிக்கல்?

டேட்டா வேறு, ஓஎஸ் வேறு

எக்செல் ஃபைலை எந்தக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்தாலும் திறந்துவிடும். ஆபரேட்டிங் சிஸ்டம் அப்படி இல்லை. அது தான் இருக்கும் மெஷினுக்கு ஏற்ப டிரைவர்களை அமைத்துக்கொள்கிறது. இதில் முக்கியமானது, டிஸ்க்கைப் படிக்க உதவும் ஸ்டோரேஜ் கன்ட்ரோலரின் டிரைவர். புது சர்வரில் கன்ட்ரோலர் வேறு என்றால், ஓஎஸ்ஸால் தன் சொந்த டிஸ்க்கையே பார்க்க முடியாமல் போகலாம்.

விண்டோஸில் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை வர இது ஒரு முக்கியக் காரணம். லினக்ஸில் பூட் ஆகும்போது முதலில் லோடாகும் 'இனிட்ராம்எஃப்எஸ்' ஃபைலில் அந்த டிரைவர் இல்லாவிட்டால், சிஸ்டம் பாதியில் நின்றுவிடும்.

எப்படிச் சரிசெய்வது?

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலில் இருந்து இன்ஸ்டால் செய்ய அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் என்றால், ரெகவரி மீடியாவில் பூட் செய்து 'டிஸ்ம்' கமாண்டு மூலம் புது கன்ட்ரோலரின் டிரைவரைச் சேர்க்கலாம். லினக்ஸ் என்றால், லைவ் யுஎஸ்பி மூலம் உள்ளே போய் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்க வேண்டும். அக்ரானிஸின் 'யுனிவர்சல் ரீஸ்டோர்', லினக்ஸுக்கான இலவச 'ரிலாக்ஸ் அண்ட் ரெகவர்' போன்ற டூல்கள் இந்த வேலையைச் சுலபமாக்கும்.

வேறு எங்கெல்லாம் மாட்டும்?

* பூட் முறை: பழைய சர்வர் பயாஸ், புதியது யுஇஎஃப்ஐ மட்டும் என்றால் டிரைவர் சரியாக இருந்தும் பூட் ஆகாது. டிஸ்க்கை ஜிபிடி முறைக்கு மாற்றி, பூட் லோடரை மறுபடி அமைக்கணும்.

* நெட்வொர்க்: ஐபி முகவரி பழைய கார்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சர்வர் ஓடும், ஆனால் யாராலும் கனெக்ட் பண்ண முடியாது.

* பிட்லாக்கர்: பழைய டிஸ்க்கையே கழற்றி புது மெஷினில் மாட்டினால், 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அந்த கீயை அதே சர்வரில் மட்டும் சேமித்திருந்தால்? கஷ்டம்தான்.

* லைசென்ஸ்: மெஷினோடு சேர்ந்து வந்த ஓஇஎம் விண்டோஸ் லைசென்ஸ் பொதுவாக அந்த மெஷினுக்கு மட்டும்தான்.

சர்வரை விர்ச்சுவல் மெஷினாக ஓட்டினால் இந்தத் தலைவலி பெருமளவு குறையும். அடியில் எந்த ஹார்டுவேர் இருந்தாலும், ஹைப்பர்வைசர் ஓஎஸ்ஸுக்கு ஒரே மாதிரியான விர்ச்சுவல் ஹார்டுவேரைத்தான் காட்டும்.

பெரிய கம்பெனிக்கும் இதே கதி

ஹார்டுவேர் மாறாமலேயே ரீஸ்டோர் காலை வாரிய கதையும் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் முக்கிய டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டது. பேக்அப்புக்கு ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். தேவைப்பட்ட நேரத்தில் எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு காப்பிதான் காப்பாற்றியது. அப்படியும் சுமார் 6 மணி நேர டேட்டா போய்விட்டது.

இப்போதே என்ன செய்யலாம்?

வேறு மாடல் மெஷின் ஒன்றில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். ஒரே பெயர், ஒரே ஐபியில் இரண்டு சர்வர்கள் மோதாமல் இருக்க, அதை ஆபீஸ் நெட்வொர்க்கில் இணைக்காதீர்கள். எத்தனை மணி நேரம் ஆனது, எந்த டிரைவர் தேவைப்பட்டது என்று குறித்து, அந்தக் குறிப்பை சர்வருக்கு வெளியே வையுங்கள்.

அடுத்த முறை யாராவது 'பேக்அப் இருக்கு' என்று சொன்னால், ஒரு கேள்வி கேளுங்கள்: 'கடைசியா எப்போ ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தீங்க?'