தோள்மூட்டு மாற்று சிகிச்சை: தசைகளே தாங்கும் மூட்டு

மனித உடலில் மிகுதியாக அசையும் மூட்டு தோள்மூட்டு ஆகும். மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில், சிறு தட்டின் மேல் வைத்த எலுமிச்சம்பழம் போல அமர்ந்திருப்பதால், அது நழுவாமல் காக்கும் பொறுப்பில் பெரும்பங்கு சுற்றியுள்ள தசைகளையே சார்ந்தது. தேய்ந்த மூட்டை அகற்றி உலோகமும் பாலிஎத்திலீனும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்தும் சிகிச்சையின் பயனும் சிக்கலும் பெரும்பாலும் இவ்வமைப்பைப் பொறுத்தே அமைகின்றன.

வழக்கமான முறையில் பந்தும் கிண்ணமும் இயற்கையான இடங்களிலேயே பொருத்தப்படுவதால், மூட்டைச் சூழ்ந்து பிடிக்கும் நான்கு சுழல் தசைகளும் நலமாக இருத்தல் வேண்டும். அவை பின்னாளில் கிழிந்தால், பந்து மேலேறிக் கிண்ணத்தின் விளிம்பை அழுத்த, கிண்ணம் நாளடைவில் ஆட்டம் காண்கிறது. இக்குறையைத் தீர்க்க, பிரான்சின் தீஜோன் நகர மருத்துவர் போல் கிராமோன் 1985-இல், பந்தைத் தோள்பட்டையிலும் கிண்ணத்தைக் கையிலும் இடம்மாற்றிப் பொருத்தும் தலைகீழ் மூட்டை உருவாக்கினார். இதில் தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசையே கையைத் தூக்குகிறது. ஆயினும் அத்தசையின் இழுவையால் தோளின் உச்சி எலும்பில் விரிசல் விழுவதும், மூட்டு நழுவுவதும் சிலருக்கு நேர்கின்றன.

தொற்று இச்சிகிச்சையின் தொடக்கம் முதலே உடன்வரும் சிக்கலாகும். 1893-இல் பாரிஸில் அறுவை மருத்துவர் ழூல் பேயான், காசநோய் அரித்த தோளில் பிளாட்டினமும் ரப்பரும் கொண்டு பொருத்திய மூட்டு, தொற்றின் காரணமாகச் சுமார் இரண்டு ஆண்டுகளில் அகற்றப்பட்டது. இன்று பெரிதும் காணப்படும் குடிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் நுண்ணுயிரி, மேற்பூச்சு மருந்துகள் எளிதில் எட்டாத மயிர்க்கால்களில் குடியிருப்பது. பெரும்பாலும் காய்ச்சலோ சீழோ இன்றி வலியும் இறுக்கமும் மட்டுமே தருவதால், அதைக் கண்டறிய ஆய்வகத்தில் 14 நாட்கள் வரை வளர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவற்றைக் கடந்தும், பத்தில் சுமார் ஒன்பது செயற்கை மூட்டுகள் 10 ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைத்திருக்கின்றன. வலி தணிதலே இச்சிகிச்சையின் உறுதியான பயன். தலைவாரவும் கொடியில் துணி உலர்த்தவும் பெரும்பாலோரால் இயலும், எனினும் தலைகீழ் மூட்டு பெற்றவர் கையை முதுகுப்புறம் கொண்டு செல்வது பலவேளை கடினமாகவே இருக்கும். ஆகவே, அறுவைக்கு முன் தசைகளின் நிலையை ஸ்கேன் வழி அறிதலும், பின்னர் பிசியோதெரபியை இடைவிடாது தொடர்தலும், நன்றாக இருந்த தோளில் மாதங்கள் கழித்து மீண்டும் எழும் வலியைக் காய்ச்சல் இல்லை என்று புறந்தள்ளாமல் மருத்துவரிடம் காட்டுதலும் இன்றியமையாதவை.