மரத்தூள் அடுப்புக்கு அமெரிக்காவில் வந்த வாழ்வு

மரத்தூள் அடுப்பில் சமைத்த வீடுகள் நம்மவர்களிடையே ஏராளம். பழைய டின்னின் அடிப்பக்கத்தில் ஓர் ஓட்டை. நடுவில் ஒரு பாட்டிலையோ உருட்டுக் கட்டையையோ நிறுத்திச் சுற்றிலும் மரத்தூளைக் கொட்டி இடிக்க வேண்டும். பிறகு பாட்டிலை மெல்லத் திருகி உருவிவிட்டால் அடுப்பு தயார். தூள் ஈரமாக இருந்தால் வீடு முழுவதும் புகையும். சரியாக இடிக்காவிட்டால் பாதிச் சமையலில் சரிந்து அணைந்துவிடும். கியாஸ் வந்ததும் அந்த டின் பரணுக்குப் போயிற்று.

அதே மரத்தூள் இன்று அமெரிக்காவில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு உலவுகிறது. பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் பெற்றோர்கள், பக்கத்து வீட்டுக் கொல்லையில் விடுமுறை நாட்களில் மெல்லப் புகைந்துகொண்டிருக்கும் ஓர் இரும்புப் பெட்டியைப் பார்த்திருக்கக்கூடும். 'பெல்லட் கிரில்' என்று அதற்குப் பெயர். விலை சில நூறு டாலரில் தொடங்கி இரண்டாயிரம் டாலரையும் தாண்டுகிறது. அதற்குத் தீனி, மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகள். பார்ப்பதற்கு மாட்டுத் தீவனக் குச்சி போலவே இருக்கும்.

மின்சாரம் இல்லாவிட்டால் எரியாது

பெட்டியின் ஓரத்தில், மாவு மில்லில் தானியம் கொட்டும் தொட்டியைப் போல ஒரு தொட்டி உண்டு. பெல்லட்டுகளை அதில் கொட்ட வேண்டும். அடியில் ஒரு திருகு தண்டு சுழல்கிறது. கறி அரைக்கும் இயந்திரத்தில் இருக்கிறதே, அதே மாதிரிதான். அது பெல்லட்டுகளைச் சிறிது சிறிதாகத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு தீக்கிண்ணத்தில் போடுகிறது. அங்கே மின்சாரத்தில் பழுக்கும் ஒரு கம்பி நெருப்பைப் பற்றவைக்கிறது. சிறு விசிறி ஒன்று காற்று ஊதுகிறது. உள்ளே எவ்வளவு சூடு இருக்கிறது என்று அளக்க ஒரு கருவி உண்டு. சூடு குறைந்தால் திருகு வேகமாகத் தள்ளும், கூடினால் நிதானிக்கும். ஊதுகுழலோடு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. எத்தனை டிகிரி என்று திருகி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜோ டிரேகர். அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள ஆரிகான் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். வீடுகளுக்குச் சூடேற்றும் சாதனங்களை அமைப்பது அவருடைய குடும்பத் தொழில். 1973-ல் பெட்ரோலிய விலை ஏறியதை அடுத்து, அந்தப் பக்கத்து மர மில்களில் குவிந்து கிடந்த தூளைப் பெல்லட்டாக்கி, குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் அடுப்புகளில் எரிக்கும் பழக்கம் பரவியது. கியாஸ் அடுப்பில் கோழியை வைத்துவிட்டு உள்ளே போன ஜோ டிரேகர், திரும்பி வந்து பார்த்தபோது கோழி தீப்பற்றி எரிந்துகொண்டிருந்ததாம். அந்த எரிச்சலில் பிறந்த யோசனைதான் இது என்பது கம்பெனியார் சொல்லும் கதை. 1980-களின் நடுவில் அடுப்பு உருவாயிற்று. 1986-ல் காப்புரிமை கிடைத்தது. 2006-ல் அது காலாவதியானதும் வேறு பல கம்பெனிகளும் களத்தில் இறங்கிவிட்டன.

விறகு அல்ல, மசாலா

வாங்கியவர்கள் சில வாரங்களிலேயே ஒன்றைத் தெரிந்துகொள்கிறார்கள். அடுப்பை ஒரு தரம் வாங்கினால் போதும். பெல்லட்டை ஆயுள் முழுவதும் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். வேறு எதைப் போட்டாலும் அது எரியாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நம் வீட்டில் எந்த விறகை எரித்தாலும் அதன் நெருப்பு பானையின் அடியைத்தான் தொடுகிறது. சோற்றில் புகை வாடை ஏறினால் அது சமைத்தவரின் பிழை. இந்த அடுப்பில் பானை என்பதே இல்லை. மூடிய பெட்டிக்குள் புகை நேராக இறைச்சியின் மேல் மணிக்கணக்கில் படிகிறது. அந்தப் புகை வாடைக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். ஆகவே இங்கே மரம் வெறும் எரிபொருள் அல்ல. உப்பு, மிளகாயைப் போல அதுவும் வயிற்றுக்குள் போகிற சரக்கு. மளிகைக் கடையில் மல்லியை முகர்ந்து பார்த்து வாங்குகிறவர், பெல்லட்டையும் அப்படித்தான் வாங்க வேண்டும்.

பெல்லட் செய்யும் முறை எளியது. மரத்தூளை நன்றாக உலர்த்தி, நுணுக்கி, ஓட்டைகள் உள்ள கனத்த இரும்பு அச்சின் வழியாக அழுத்தித் தள்ளுகிறார்கள். முறுக்கு பிழிவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தில் உண்டாகும் சூட்டில் மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகிப் பசையாகிறது, ஆறியதும் இறுகிவிடுகிறது. தனியாகக் கோந்து சேர்க்கத் தேவையில்லை. குச்சியின் கனம் சுமார் 6 மில்லி மீட்டர். கடையில் பெரும்பாலும் 20 பவுண்டு, அதாவது 9 கிலோ மூட்டையாகக் கிடைக்கிறது.

எந்த மரத்துக்கு எந்த ருசி?

ஹிக்கரி மரத்தின் புகை காரமானது. பன்றி இறைச்சிக்கு அதுதான் வேண்டும் என்பார்கள். ஓக் நடுத்தரம், எதற்கும் ஒத்துப்போகும். ஆப்பிள், செர்ரி போன்ற பழ மரங்களின் புகை மென்மையானது, கோழிக்கு ஏற்றது. செர்ரி நல்ல சிவந்த நிறத்தையும் கொடுக்கிறது. ஆல்டர் மரத்தில் சால்மன் மீனைப் புகையிடுவது அமெரிக்க வடமேற்குக் கரையின் பழைய வழக்கம்.

மெஸ்கீட் என்று ஒன்று இருக்கிறது. டெக்சாஸ்காரர்கள் கொண்டாடும் மரம். வாடை மிகக் கடுமை. மாட்டிறைச்சித் துண்டைச் சட்டென்று வாட்டி எடுக்க நல்லது. பத்து மணி நேரம் அதிலேயே வைத்தால் கசந்துவிடும். ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்து வாசகர்கள் இந்த மரத்தை நேரில் பார்த்தால் சிரித்துவிடுவார்கள். நாம் வேலிக்காத்தான் என்றும் சீமைக் கருவேலம் என்றும் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கும் முள்மரத்தின் உடன்பிறப்புதான் அது! இரண்டும் ஒரே இனம். நம் ஊரில் மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் ஏற்றுகிறோம். அங்கே அழகான மூட்டையில் அடைத்து ருசிச் சரக்காக விற்கிறார்கள்.

சைவர்களுக்கும் இதில் இடம் உண்டு. முழுக் கத்தரிக்காயை ஓக் புகையில் வாட்டித் தோல் உரித்துத் துவையல் அரைத்தால், சுட்ட கத்தரிக்காயின் ருசி பின்தங்கிப் போகாது. மக்காச்சோளக் கதிருக்கும் பன்னீருக்கும் பழமரப் புகை பொருந்தும்.

மூட்டையின் மேல் எழுதியிருப்பது

ஏமாறுகிற இடம் இதுதான். பெரிய எழுத்தில் 'ஹிக்கரி' என்று போட்டிருப்பார்கள். உள்ளே இருப்பது பெரும்பகுதி ஓக் அல்லது ஆல்டராக இருக்கும். ஹிக்கரி கொஞ்சம் கலந்திருக்கும். சிலர் அதுவும் சேர்க்காமல் வாசனை எண்ணெயை ஏற்றிவிடுகிறார்கள். மெஸ்கீட் என்று எழுதிய மூட்டையில் மெஸ்கீட் மரமே இல்லை என்று 2019-ல் அமெரிக்காவில் ஒரு வாடிக்கையாளர் கோர்ட்டுக்கே போனார்.

கலப்பு என்றாலே மோசடி என்று எண்ண வேண்டியதில்லை. ஓக் நின்று, சீராக எரியும். பழமரத்தை அதோடு கலந்தால் சூடும் நிலைக்கும், வாசனையும் கிடைக்கும். ஆனால் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டும் அல்லவா? நூறு சதவீதம் ஒரே மரம் என்று தெளிவாக எழுதியது ஒரு வகை. கலந்த மரங்களின் பெயர்களைச் சொல்லும் மூட்டை இன்னொரு வகை. இரண்டையும் நம்பி வாங்கலாம். 'இயற்கை வாசனை சேர்த்தது' என்று மூலையில் பொடி எழுத்தில் இருந்தால் யோசிக்க வேண்டும்.

விலை மலிவு என்று அறையைச் சூடாக்கும் பெல்லட்டை வாங்கி இதில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இது பெரிய தவறு. அவற்றில் பைன் போன்ற பிசின் மரங்கள் கலந்திருக்கலாம். கரியும் கசப்பும் இறைச்சியில் ஏறும். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பூச்சி மருந்து ஏற்றிய மரம் ஆகியவற்றின் தூள் கலந்திருந்தால், அந்த நஞ்சும் புகையோடு சாப்பாட்டில் படியும். அறையைச் சூடாக்கும்போது புகை குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது. இங்கே அது தட்டுக்கு வருகிறது.

மூட்டையைப் பிரித்ததும் பார்க்க வேண்டியவை சில. நல்ல பெல்லட் வழவழப்பாக மின்னும். ஒடித்தால் 'டக்' என்று முறியும். நெகிழ்ந்து உதிர்ந்தால் ஈரம் குடித்திருக்கிறது. அடியில் தூள் நிறைய இருந்தால் அது திருகில் அடைத்துக்கொள்ளும். சல்லடையில் சலித்துப் போடுவது நல்லது. சாம்பல் அளவுக்கு மீறி விழுந்தால் மரப்பட்டையும் சேர்த்து அரைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

ஈரம் என்ற எதிரி

ஒரு பெல்லட்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் ஊதிப் பெருத்து, பழையபடி மரத்தூளாகிவிடும். இதுவே திருகுக்குள் நடந்தால் சிமெண்ட் மாதிரி இறுகிப்போகும். இயந்திரத்தைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் தொட்டியில் மிச்சம் வைக்காமல் வழித்து எடுத்து, இறுக மூடும் டின்னில் போட்டு வைக்கிறார்கள். நம் வீட்டு அரிசி டின் இதற்குப் பொருத்தமான சாமான்.

மெதுவான சூட்டில், அதாவது 225 டிகிரி பாரன்ஹீட், நம் கணக்கில் சுமார் 107 டிகிரி செல்சியஸில், மணிக்கு ஏறக்குறைய அரை கிலோ பெல்லட் எரியும். சூட்டை ஏற்றினால் ஒரு கிலோவும் அதற்கு மேலும் போகும். மாட்டின் நெஞ்சுப் பகுதிக் கறி வேகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும் என்பதால், ஒரு விருந்துக்கு முக்கால் மூட்டை காலியாகிவிடுகிறது. நடு இரவில் தொட்டி தீர்ந்து, நெருப்பு அணைந்து, காலையில் அரைவேக்காட்டுக் கறியை வெளியே கொட்டியவர்கள் உண்டு. நேரம் பார்த்துக் கோழியை எடுப்பதும் ஆபத்து. அதன் உட்சதை 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். கம்பி போன்ற வெப்பமானியைக் குத்திப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இதன் புகை போதாது என்று குறை சொல்லும் பழைய ஆட்களும் இருக்கிறார்கள். விறகுக் கட்டையில் வரும் காரம் இதில் வராது என்பது உண்மைதான். விசிறி ஊதி நன்றாக எரியவிடுவதால் புகை மெல்லியதாகிறது. சூட்டைக் குறைத்தால் புகை கூடும். முதல் இரண்டு மணி நேரம் தாழ்ந்த சூட்டில் வைப்பது அதற்காகத்தான்.

தீக்கிண்ணத்தில் சாம்பல் மண்டினால் நெருப்பு சரியாகப் பற்றாது. கொழுப்பு வடியும் தட்டைச் சுத்தம் செய்யாவிட்டால் ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். சமையல் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கக் கூடாது. கிண்ணத்தில் மிஞ்சியது எரிந்து தீரும்வரை விசிறி ஓட வேண்டும். இல்லையென்றால் கங்கு திருகு வழியாகத் தொட்டிப் பக்கம் பின்னேறக்கூடும். வீட்டுக்குள்ளோ கதவடைத்த பால்கனியிலோ இதை எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாடையில்லாமல் ஆளைக் கொல்லும் வாயு.

பெங்களூரில் பிறந்த 'ஊர்ஜா'

நம் நாட்டிலும் பெல்லட் தாராளமாகவே தயாராகிறது. பாய்லர்களில் எரிக்கிறார்கள்; அனல் மின் நிலையங்களில் நிலக்கரியோடு கலக்கிறார்கள். கடலைத் தோல், வைக்கோல், மரத்தூள் என்று கிடைத்ததெல்லாம் அதில் சேரும். பாய்லருக்கு அது சரி. அந்த மூட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று கோழி வாட்டும் அடுப்பில் கொட்டினால் என்ன தின்கிறோம் என்பதே தெரியாது. வெளிநாட்டு கிரில்லை இங்கே வரவழைக்க நினைப்பவர்கள், அதன் விலையைக் கேட்பதற்கு முன், சாப்பாட்டுக்கு உகந்த பெல்லட் மாதாமாதம் எங்கிருந்து வரும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் பட்ட அனுபவம் நமக்கே உண்டு. பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வைக் கொண்டு, பி.பி. என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி 2006-ஐ ஒட்டி 'ஊர்ஜா' என்ற சமையல் அடுப்பைக் கொண்டுவந்தது. இதிலும் சிறு விசிறி, இதிலும் பெல்லட்தான். கடலைத் தோல், கரும்புச் சக்கை போன்ற விவசாயக் கழிவுகளில் செய்தது. புகை குறைவு, பாத்திரத்தில் கரி பிடிப்பதும் குறைவு. மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் நான்கு லட்சம் அளவுக்கு விற்றது. பெண்கள் விரும்பித்தான் வாங்கினார்கள்.

ஆனால் கழிவு என்று கருதிய சக்கைக்கும் தோலுக்கும் தொழிற்சாலைகள் போட்டி போட ஆரம்பித்தன. பெல்லட் விலை ஏறியது. குடும்பங்கள் மெல்ல விலகின. 2009-ல் கம்பெனி கைமாறிற்று. புதிய நிர்வாகம் ஓட்டல்கள், பெரிய சமையற்கூடங்கள் பக்கம் கவனத்தைத் திருப்பியது. வீட்டில் இருந்த ஊர்ஜாவில் சுள்ளியையோ வரட்டியையோ போட்டு எரிக்க வழியில்லை. நல்ல நிலையில் இருந்த அடுப்பு, தீனி இல்லாமல், பழைய மரத்தூள் டின் இருந்த பரணுக்கே போய்ச் சேர்ந்தது.